மூன்று பழைய டிராக்டர்களும் ஒரு நோட்டும்

சாவியைத் திருப்பியதும் வண்டி ஒரே மூச்சில் ஸ்டார்ட் ஆகிவிட்டது. அப்போதே பாதி வாங்கிவிட்ட மாதிரி எனக்கு ஒரு சந்தோஷம். கூட வந்திருந்த மெக்கானிக் அண்ணன் முகத்தில் மட்டும் ஒரு மாற்றமும் இல்லை. வண்டிக்காரர் டீ போடச் சொல்ல உள்ளே போனதும் என் பக்கம் திரும்பி, "ரேடியேட்டர்ல கை வெச்சுப் பார்த்தியா?" என்றார். பார்க்கவில்லை. "நாம வந்து இறங்கினப்பவே சூடா இருந்துச்சு தம்பி. ஓட்டி, சூடேத்தி, நிறுத்தி வெச்சிருக்காங்க" என்றார்.

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்றை நசுக்கி, அந்தச் சூட்டிலேயே டீசல் பற்ற வேண்டும். பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் லைனரும் தேய்ந்த எஞ்சினில் நசுக்கும் காற்று பக்கவாட்டில் கசிந்துவிடும்; போதுமான சூடு பிறக்காது. காலையில் முதல் ஸ்டார்ட்டுக்கு அது படுத்தும் பாட்டைப் பார்த்தாலே விஷயம் தெரிந்துவிடும். ஒருமுறை சூடாகிவிட்டால் அதே எஞ்சின் நல்ல பிள்ளையாகிவிடும். அன்றைக்கு நான் பார்த்தது அந்த நல்ல பிள்ளையைத்தான். அடுத்த வண்டியைப் பார்க்கப் போவதற்கு முன் போனிலேயே சொல்லிவிட்டேன்: நாங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள். சொன்ன பிறகும் சூடாக இருந்தால், அதற்கு மேல் கேட்க ஒன்றும் இல்லை.

இவ்வளவு சிரமப்பட்டுப் பழைய வண்டி எதற்கு என்று வீட்டிலேயே கேட்டார்கள். நியாயமான கேள்விதான். என்னிடம் இருப்பது 7 ஏக்கர். அதுவரை உழவுக்கெல்லாம் வாடகை வண்டிதான். வாடகை எனக்குப் பாரமில்லை, நேரம்தான் பிரச்சினை. மழை விட்ட பிறகு நிலம் பதமாக இருப்பது இரண்டு மூன்று நாள். அந்த மூன்று நாளும் ஊரில் எல்லாருக்கும் அதே மூன்று நாள். வண்டிக்காரர் நம் நிலத்துக்கு வந்து சேரும்போது மண் ஓடு மாதிரி காய்ந்திருக்கும். உழுதால் கட்டி கட்டியாகப் பெயரும். அதை உடைக்க இன்னொரு ஓட்டு.

அந்த எரிச்சலில் போய் வாங்கியிருந்தால் கண்டிப்பாகத் தப்பான வண்டியைத்தான் வாங்கியிருப்பேன். நல்லவேளை, ஒரு வருஷம் முழுக்க எத்தனை மணி நேரம் வண்டி ஓடியது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். மொத்தம் 110 மணி நேரம். இந்த எண்ணை மனசால் கணக்குப் போடக் கூடாது, எழுதித்தான் பார்க்க வேண்டும். எழுதுவதற்கு முன் என்னைக் கேட்டிருந்தால் 300 என்று சொல்லியிருப்பேன். 110 மணிக்குப் புது வண்டி வாங்கினால் அது கொட்டகையில் நின்றபடியே கடனைத் தின்னும். அதே சமயம், வருஷத்துக்கு 600, 700 மணி ஓட்டுகிறவர், வாடகைக்கும் விடுகிறவர், 40 வருஷப் பழைய வண்டியை நம்பி இறங்கக் கூடாது என்பது என் எண்ணம். அவருக்கு வண்டி ஒருநாள் நின்றால் அன்றைய வருமானமே நின்றுபோகும். எனக்கு நின்றால் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். பழைய வண்டி, கொஞ்சமாக ஓட்டுகிறவனுக்கும் கையில் ஸ்பேனர் பிடிக்கக் கூச்சப்படாதவனுக்கும்தான்.

எத்தனை குதிரைத்திறன் வேண்டும் என்பதிலும் நிறையக் குழம்பினேன். விற்கிறவர் சொல்வது எஞ்சினின் திறன். பின்னால் மாட்டும் கருவிகளைச் சுழற்றுகிற பி.டி.ஓ. தண்டுக்கு வந்து சேர்வது அதைவிடக் குறைவு. கலப்பையை இழுக்கக் கிடைப்பது அதையும்விடக் குறைவு. இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் டிராக்டர் கம்பெனிகள் அளந்துவிட்ட விளம்பரங்களால் விவசாயிகள் ஏமாந்ததில், 1919-இல் சட்டமே கொண்டுவந்தார்கள். அதன்படி 1920-இலிருந்து அங்குள்ள பல்கலைக்கழகம் டிராக்டர்களைச் சோதித்து, பி.டி.ஓ. திறன், இழுவைத் திறன், டீசல் செலவு எல்லாவற்றையும் வெளியிட்டு வருகிறது. அங்கே சோதனைக்குப் போன பழைய மாடல்களின் அறிக்கைகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. விற்கிறவரின் வாய்க்கணக்கை நம்பாமல் நான் இரண்டு மாடல்களுக்கு அங்கே தேடிப் பார்த்தேன். இதை ஒரு பழக்கமாகவே வைத்துக்கொண்டால் நல்லது.

பழைய வண்டியில் இன்றைய கருவிகளை மாட்ட முடியுமா என்ற பயமும் இருந்தது. அநேகமாக முடியும். அதற்கு ஹாரி ஃபெர்குசனுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். கீழே இரண்டு கை, மேலே ஒரு டாப் லிங்க் என்று அவர் வடிவமைத்த மூன்று புள்ளி இணைப்பு, 1939-இல் ஃபோர்டு 9என் வண்டியோடு பெருவாரியாகப் பரவியது. 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் தயாரான அவருடைய டி.இ.20 மட்டுமே 5 லட்சத்துக்கும் மேல் வெளிவந்தது. இன்றைக்கும் எல்லாரும் அந்த அமைப்பைத்தான் பின்பற்றுகிறார்கள். பார்க்க வேண்டியது பின்னின் தடிமன். கீழ்க்கைப் பின் 22 மில்லிமீட்டர் என்றால் முதல் வகை, 28 என்றால் இரண்டாம் வகை. போகும்போது ஒரு அளவுகோலைக் கொண்டுபோனால் போதும்.

சரி, முதல் வண்டிக்கு வருகிறேன். சூடு ஒரு பக்கம் இருக்கட்டும், அதன் பெயிண்டும் எனக்கு ஒரு பாடம். பளபளவென்று சிவப்பு. நான் அதைப் பராமரிப்பு என்று நினைத்தேன். அண்ணன் டார்ச் அடித்துக் காட்டிய பிறகுதான் தெரிந்தது: கிரீஸ் மேலேயே பெயிண்ட், ரப்பர் ஹோஸ் மேலேயும் பெயிண்ட், போல்ட் தலைகள் ஸ்பேனர் நழுவி உருண்டுபோயிருக்க அதன் மேலும் பெயிண்ட். அழுக்கு வண்டி உண்மையைச் சொல்லும் என்பார் அவர். எங்கே ஆயில் கசிகிறதோ அங்கே தூசி ஒட்டிக் கறுப்பாகக் கோடு போட்டிருக்கும். கோட்டைப் பிடித்துக்கொண்டு மேலே போனால் எந்த சீல் போயிருக்கிறது என்று கண்டுபிடித்துவிடலாம். கழுவிப் பெயிண்ட் அடித்தால் அந்தக் கோடு அழிந்துவிடுகிறது. அவ்வளவுதான், டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டோம்.

இரண்டாவது வண்டியின் மேல் எனக்குக் காதலே வந்துவிட்டது. பெயிண்ட் உரிந்து, சீட் கிழிந்து, பார்க்கச் சகிக்காது. எஞ்சின் மட்டும் தங்கம். குளிர்ந்திருக்கும்போதே இரண்டு சுற்றில் பிடித்தது. ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, ஓடும்போதே உள்ளங்கையைக் காட்டினேன். புஸ்புஸ் என்று காற்று அடித்தால் ரிங் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். இதில் மூச்சு விடுகிற மாதிரி லேசாகத்தான் இருந்தது. புகையும் சுத்தம். நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது. சுமை இல்லாமலே கறுப்பாக வந்தால் காற்று போதவில்லை அல்லது டீசல் அதிகம். வெள்ளை, குளிரில் கொஞ்ச நேரம் வந்தால் பொறுத்துக்கொள்ளலாம், சூடான பிறகும் விடாமல் வந்தால் தண்ணீர் உள்ளே போகிறதோ என்று பார்க்க வேண்டும்.

அங்கேயே கை கொடுத்திருப்பேன். அண்ணன், "எல்லாரும் எஞ்சினைத்தான் கேட்டுக்கிட்டே நிப்பாங்க. வா, பின்னாடி போவோம்" என்றார்.

இந்த மாதிரி வண்டிகளுக்குத் தனியாக இரும்புச் சட்டகம் என்று ஒன்று கிடையாது. எஞ்சின், கியர் பாக்ஸ், பின் ஹவுசிங் மூன்றையும் போல்ட் போட்டு ஒன்றாக இணைத்திருப்பார்கள். அதுவே வண்டியின் முதுகெலும்பு. 1917-இல் வந்த ஃபோர்ட்சன் இந்த முறையைத்தான் உலகம் முழுக்கப் பரப்பியது. அதனால் ஒரு சாதாரண கிளட்ச் பிளேட் மாற்றுவதற்கே வண்டியை இடுப்பில் இரண்டாகப் பிரிக்க வேண்டும். எஞ்சின் வேலை என்றால் செலவு எவ்வளவு வரும் என்று யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். பின்பக்கம் திறக்கிறவரைக்கும் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது.

கலப்பையை மாட்டி மேலே தூக்கி, எஞ்சினை நிறுத்தினோம். அப்படியே நின்றது. எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் அசரவில்லை, அரைமணி நேரம் உழச் சொன்னார். வண்டிக்காரருக்கு அது பிடிக்கவில்லை, இருந்தாலும் விட்டார். உழுது முடித்து மறுபடி தூக்கி நிறுத்தினால், கலப்பை மெதுவாக, அலுத்துப்போன ஆள் மாதிரி, கீழே உட்கார்ந்தது. ஐந்து நிமிஷத்தில் தரையைத் தொட்டுவிட்டது. கலப்பையைத் தூக்கிப் பிடிப்பது ஹைட்ராலிக் ஆயிலின் அழுத்தம்தான்; ஓடி ஓடி அந்த ஆயில் சூடாகும்போது இளகும். தேய்ந்த இடத்தின் வழியாக அப்போதுதான் கசியும். குளிர்ந்த ஹைட்ராலிக்கைச் சோதிப்பதும், சூடான எஞ்சினை ஸ்டார்ட் செய்து பார்ப்பதும் ஒன்றுதான். எஞ்சினைக் குளிரில் பார், ஹைட்ராலிக்கைச் சூட்டில் பார் என்று நோட்டில் பெரிதாக எழுதிக்கொண்டேன்.

"ஒரு சீல்தான் போயிருக்கு, சின்ன வேலை" என்றார் வண்டிக்காரர். "அப்ப மாத்தி வைங்க, வேலைக்கான காசைச் சேர்த்தே தர்றோம்" என்றார் அண்ணன். இன்றுவரை அங்கிருந்து போன் வரவில்லை.

மூன்றாவது வண்டிக்குப் போகும்போது எனக்கு ஆர்வம் பாதி குறைந்துவிட்டது. அதுவும் நல்லதுக்குத்தான். மூன்று சிலிண்டர் டீசல், 45 குதிரைத்திறன், மீட்டர் 3,000 மணிக்கு மேல் எதையோ காட்டிக்கொண்டு உயிரில்லாமல் நின்றது. பழைய வண்டியின் மீட்டரை நான் இப்போது பார்ப்பதே இல்லை. ஓடுகிற மீட்டர் என்றாலும் மாற்றிவைத்ததாக இருக்கலாம். அதற்குப் பதிலாகக் கிளட்ச் பெடலின் ரப்பரும் அதன் அடியில் உள்ள இரும்பும் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, ட்ரெய்லர் மாட்டும் ஓட்டை வட்டமாக இருக்கிறதா முட்டை வடிவமாகிவிட்டதா, லிஃப்ட் கைகளின் முனையில் உள்ள இரும்பு உருண்டை எவ்வளவு ஆடுகிறது என்று பார்த்தால் போதும். இதில் ட்ரெய்லர் ஓட்டை நல்ல முட்டை. நிறையப் பாரம் இழுத்த வண்டி. அப்படியானால் கிளட்சைச் சந்தேகப்படு என்றார் அண்ணன்.

அதற்கு முன்னால் எஞ்சின் ஆயில் கம்பியை உருவிப் பார்த்தோம். ஆயில் மேல் கோட்டுக்கும் மேலே ஒரு விரல் அதிகம். தாராளமாக ஊற்றியிருக்கிறார்கள் என்று நான் நினைக்க, அவர் முகர்ந்து பார்த்து என்னிடம் நீட்டினார். டீசல் வாடை. டேங்கிலிருந்து டீசலை ஏற்றித்தரும் சின்ன பம்பில் உள்ள ரப்பர் படலம் கிழிந்தால், டீசல் எஞ்சினுக்குள் வடிந்து ஆயிலோடு கலந்துவிடும். பம்ப் மலிவு, மாற்றுவது அரைமணி வேலை. கவனிக்காமல் ஓட்டினால், இளகிப்போன ஆயிலில் பேரிங் போய்விடும். மூன்று முறை கேட்டோம். சமீபத்தில்தான் இப்படி ஆனது என்றார் விற்கிறவர். ஆயில் பிரஷரைச் சூட்டில் பார்த்தோம், நன்றாகவே இருந்தது. நம்பினோம்.

கியர் பாக்ஸ் அடியில் உள்ள பிளக்கை, அவரிடம் கேட்டுக்கொண்டு, லேசாகத் தளர்த்தினோம். முதலில் தண்ணீர் சொட்டியது, அப்புறம்தான் ஆயில். எனக்குப் பகீர் என்றது. கியர் கம்பியின் அடியில் உள்ள ரப்பர் கிழிந்து, மழைத்தண்ணீர் இறங்கியிருக்கிறது. வெயிலிலும் மழையிலும் நிற்கிற வண்டிகளில் இது சகஜமாம். அண்ணன் ஆயிலை இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்து வெயிலில் காட்டினார். மினுமினுவென்று இரும்புத் தூள் ஏதும் இல்லை. ஓட்டும்போது ஒவ்வொரு கியரிலும் ஒரு சரிவில் இறங்கி, ஆக்சிலேட்டரை விட்டுப் பார்த்தோம். கியர் தானாக வெளியே குதிக்கவில்லை.

கிளட்ச்தான் சொன்ன மாதிரியே இருந்தது. முன்னால் யாரும் இல்லாத இடத்தில் பிரேக்கை இறுக்கிப் பிடித்து, உயர்ந்த கியரில் போட்டு, கிளட்சை மெதுவாக விட்டால் எஞ்சின் திணறி அணைந்துவிட வேண்டும். இது அணையாமல் உறுமிக்கொண்டே இருந்தது. பிளேட் வழுக்குகிறது. இன்னும் ஒரு வருஷம் தாங்கலாம், இரண்டு தாங்கினால் அதிர்ஷ்டம். அதிலேயே இன்னொன்றும் பார்த்தோம். இது இரட்டைக் கிளட்ச்; பாதி மிதித்தால் வண்டி நிற்கும், முழுக்க மிதித்தால்தான் பி.டி.ஓ. நிற்கும். ஒற்றைக் கிளட்ச் வண்டிகளில், மிதித்ததும் இரண்டும் சேர்ந்தே எஞ்சினை விட்டுவிடும். அதில் புல்வெட்டி மாதிரி கனமான, வேகமாகச் சுற்றும் கருவியை மாட்டியிருந்தால், கருவியின் சுழற்சி வேகமே வண்டியை முன்னால் தள்ளும். கிளட்சை மிதித்தும் வண்டி வேலியை நோக்கிப் போவதை ஒருமுறை பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட வண்டி வாங்கினால் தண்டில் ஒருவழிக் கிளட்ச் ஒன்று மாட்டியே ஆக வேண்டும்.

ஹைட்ராலிக் அரைமணி உழவுக்குப் பிறகும் கலப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றது. நான் முடிவெடுத்தது அந்த இடத்தில்தான். வண்டியில் குறை ஏழெட்டு இருந்தது. ஆனால் எல்லாம் எனக்குத் தெரிந்த, பெயர் சொல்லி விலை கேட்கக்கூடிய குறைகள்.

விலை கேட்டேன் என்பதைச் சும்மா சொல்லவில்லை. கை கொடுப்பதற்கு முன் உதிரிபாகக் கடைக்குப் போன் செய்து ஐந்து சாமான் கேட்டேன்: கிளட்ச் பிளேட், ஹைட்ராலிக் பம்ப் ரிப்பேர் கிட், ஹெட் கேஸ்கட், வாட்டர் பம்ப், முன் அச்சு புஷ். நான்கு கையிலேயே இருந்தது, மீதி ஒன்று மட்டும் இரண்டு நாளில் வரும் என்றார்கள். இதில் இரண்டுக்கு மேல் இல்லை என்று சொல்லியிருந்தால் வண்டி சும்மா கொடுத்தாலும் வேண்டாம் என்றிருப்பேன். மாஸி ஃபெர்குசன் 135 மாதிரி 1960-களில் வந்த மாடலுக்குக்கூட இன்றும் புது உதிரிபாகம் செய்கிறார்கள், ஏனென்றால் அது அவ்வளவு பேரிடம் இருக்கிறது. 15 வருஷமே ஆன, அதிகம் விற்காத ஒரு மாடலுக்குச் சாமான் கிடைக்காமல் நின்றுபோன வண்டியும் இருக்கிறது. வயசை விட, எத்தனை பேரிடம் அதே வண்டி இருக்கிறது என்பதுதான் முக்கியம்.

நோட்டில் எழுதியிருந்த குறைகளை அவரிடமே வாசித்துக் காட்டினேன். சண்டை போடவில்லை, "இதுக்கெல்லாம் இவ்வளவு ஆகும்" என்று மட்டும் சொன்னேன். கேட்ட விலையில் ஆறில் ஒரு பங்கு குறைந்தது. சேஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் தாளில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா, கடன் பாக்கி எதுவும் வண்டி மேல் இல்லையே என்பதைப் பணம் கைமாறுவதற்கு முன் பார்த்துக்கொண்டேன்.

இத்தனை பார்த்தும் ஒன்றைக் கோட்டை விட்டேன். பின் சக்கரங்களில் எடைக்காகத் தண்ணீர் நிரப்பியிருந்தார்கள், உறையாமல் இருக்கக் கால்சியம் குளோரைடு கலந்து. வால்வு பக்கம் கசிந்த உப்புத் தண்ணீர் ரிம்மை உள்ளிருந்தே அரித்திருக்கிறது. நாலாவது மாதம் காற்று இறங்கிப்போய் டயரைக் கழற்றினால், வால்வு ஓட்டையைச் சுற்றி இரும்பு பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. ஒரு ரிம் போயே போய்விட்டது. அன்றைக்கு வால்வைச் சுற்றித் துருக்கறை வழிந்திருந்ததைப் பார்த்தேன், மண் கறை என்று விட்டுவிட்டேன். அண்ணனும் பார்க்கவில்லை, கேட்டால் இப்போதும் பேச்சை மாற்றுகிறார்.

இன்னொரு விஷயம் பணத்தில் சேராது. விற்றவர் வண்டியை ஸ்டார்ட் செய்தது சாவியால் அல்ல. கீழே நின்றுகொண்டு, செல்ஃப் மோட்டாரின் இரண்டு முனைகளையும் ஸ்க்ரூடிரைவரால் தொட்டு ஸ்டார்ட் செய்தார். வண்டி கியரில் இருந்தால் நிற்கிற ஆள் மேல் பின் சக்கரம் ஏறிவிடும். உலகம் முழுக்க இப்படிச் செத்தவர்கள் உண்டு. வாங்கிய அன்றே நான் செய்த முதல் வேலை சாவி சுவிட்சும், நியூட்ரலில் மட்டும் ஸ்டார்ட் ஆகும் சுவிட்சும் மாட்டியது. இரண்டாவது, பி.டி.ஓ. தண்டுக்கு மூடி. நிமிஷத்துக்கு 540 சுற்று என்றால் நொடிக்கு 9; வேட்டியோ சேலையோ சிக்கினால் கையை இழுத்துக்கொள்ள நேரம் கிடையாது. மூன்றாவது, வண்டி கவிழ்ந்தால் ஓட்டுகிறவரைக் காக்கும் இரும்புச் சட்டகம். ஸ்வீடனில் 1959-லேயே புது டிராக்டர்களுக்கு அதைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். பழைய வண்டிகளில் பெரும்பாலும் இருக்காது. தெரிந்த வெல்டர் பைப்பை வளைத்துப் போட்டுத் தருகிறேன் என்றார், வேண்டாம் என்றுவிட்டேன். கவிழும் எடையைத் தாங்கும் என்று சோதித்துப் பார்த்த சட்டகமும் அதோடு சீட் பெல்ட்டும் வேண்டும். பெல்ட் போடாவிட்டால் சட்டகமே ஆளை நசுக்கும். நம் மாடலுக்கு ஏற்றது கிடைக்க எட்டு மாதம் ஆனது. அதுவரை வரப்பு ஓரத்திலும் சரிவிலும் ஓட்டவே இல்லை.

இரண்டு மழைக்காலம் ஓட்டிவிட்டேன். பம்ப் மாற்றியது, ஆயில் எல்லாம் மாற்றியது, ஒரு பக்கம் பிரேக்குக்குள் ஆயில் இறங்கியதால் சீலோடு சேர்த்து அதைச் செய்தது, அந்த ரிம், இதற்கெல்லாம் சேர்த்து வண்டி விலையில் நாலில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலே ஆகியிருக்கிறது. மூன்றில் ஒரு பங்கு தனியாக எடுத்து வைத்திருந்தேன், மீதியில் கிளட்ச் வேலை நடக்கிறது. இரண்டு தாங்கினால் அதிர்ஷ்டம் என்று சொன்ன பிளேட், சரியாக இரண்டாவது வருஷக் கடைசி உழவில் நின்றது. வண்டி இப்போது கொட்டகையில் இடுப்பில் பிரிந்து, முன்பாதிக்கு ஒரு ஜாக்கி, பின்பாதிக்கு இரண்டு மரக்கட்டை என்று நிற்கிறது. பிளேட் நாளைக்கு வரும். அண்ணன் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றிருக்கிறார்.